தொடக்கநிலைத் தோல் புற்றுநோயும் புரதச் சுட்டிகளும்

தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட்டு உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோய் மெலனோமா. தோல் புற்றுநோய்களில் இது அரிதானது. ஆனால் அவற்றால் நேரும் இறப்புகளில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம். 1970-இல் அமெரிக்க நோயியலாளர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ, கட்டியின் தடிமனை அளந்தே நோயின் போக்கைக் கணிக்கலாம் என்று காட்டினார். அவர் ஆராய்ந்தவர்களில் 0.76 மி.மீ.க்கும் குறைவான தடிமனுள்ள கட்டியை அகற்றிக்கொண்ட எவருக்கும் ஐந்தாண்டுகளுக்குள் நோய் திரும்பவில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் மெலனோமா சாதாரண மச்சத்தைப் போலவே இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்த பிறகும் தேர்ந்த நோயியலாளர்கள் இருவர் வேறுவேறு முடிவு சொல்வதுண்டு.

இதற்கு உதவ வந்த முதல் புரதம் தோலில் கிடைத்ததன்று. மாட்டு மூளையில் கிடைத்தது. 1965-இல் பிளேக் மூர் பிரித்தெடுத்த அப்புரதம், 100 விழுக்காடு நிறைவுற்ற அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலிலும் கரைந்தே இருந்ததால் எஸ்-100 எனப் பெயர் பெற்றது. 1980-இல் அது மெலனோமா உயிரணுக்களிலும் கண்டறியப்பட்டது. மெலனோசைட்டுகள் கருவில் நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டுத் தோலை அடைபவை என்பதால், மூளைப் புரதம் அங்கே இருந்ததில் வியப்பில்லை. ஆனால் நரம்புறை, கொழுப்பு, குருத்தெலும்பு ஆகியவற்றின் உயிரணுக்களிலும் எஸ்-100 உண்டு.

1986-இல் எச்எம்பி-45 என்ற எதிர்ப்பொருள் அறிமுகமானது. 1994-இல் பிரசெல்சிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் தனித்தனியே மெலன்-ஏ புரதத்தைக் கண்டறிந்தன. உண்மையில் அவர்கள் தேடியது நோயறியும் கருவியை அன்று. டி உயிரணுக்கள் புற்றில் எதை அடையாளம் காண்கின்றன என்பதையே. இச்சுட்டிகள் எல்லாம் “இது மெலனோசைட்டா?” என்ற கேள்விக்கே விடை தந்தன. மச்சமும் மெலனோசைட்டுகளால் ஆனதுதானே! எச்எம்பி-45 மட்டும் ஓரளவு கைகொடுத்தது: மச்சத்தின் ஆழ்பகுதி பொதுவாக அதன் சாயத்தை ஏற்பதில்லை.

இரத்தத்தில் எஸ்-100பி அளவைப் பார்க்கும் சோதனை நோய் பரவியவர்களுக்குப் பயன்பட்டது. மெல்லிய கட்டியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் அளவோ மிகச் சிறிது. 2002-இல் பிராஃப் மரபணுத் திரிபு கண்டறியப்பட்டு நம்பிக்கை எழுந்தது. மறு ஆண்டே அது பெரும்பாலான மச்சங்களிலும் இருப்பது தெரியவந்தது.

1997-இல் பிரசெல்சில் கண்டறியப்பட்ட பிரேம் புரதத்துக்கு நோயறிதலில் உரிய இடம் கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2018-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் 400 மாதிரிகளைச் சோதித்தனர். பரவாத முதன்மை மெலனோமாக்களில் 83.2 விழுக்காடு பரவலாகச் சாயம் ஏற்றன. தோல் மச்சங்களில் 86.4 விழுக்காடு சிறிதும் ஏற்கவில்லை. முதன்முறையாக ஒரு புரதம் மச்சத்தையும் புற்றையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்தது. நார்த்திசு மிகுந்த டெஸ்மோபிளாஸ்டிக் வகையில் மட்டும் பரவலான சாயம் 35 விழுக்காடாகக் குறைந்தது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வரும் வகையில் அது 94.4 விழுக்காடு. கருநிறத் தோலினரிடம் மெலனோமா பெரும்பாலும் தோன்றுவது அந்த இடங்களில்தான்.