கசப்பேரியில் எட்டாண்டுகள்

கடல் வாணிக வரலாற்றை எழுதுவோர் சரக்கையும் துறைமுகத்தையும் கணக்கிடுவர். கப்பலோடியின் மனத்தைக் கணக்கிடுவார் அரியர். மாதக்கணக்கில் வீட்டார் முகம் காணாது கடலில் உழலும் அவனுக்குத் தனிமை பழகிய நோய். ஆயினும் கப்பல் ஓடுமட்டும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அடுத்த துறை, அடுத்த கடிதம் என்று நாளை எண்ணலாம். ஓடாத கப்பலில் அவன் நிலை யாது? சூயசுக் கால்வாயில் 1967 முதல் 1975 வரை நிகழ்ந்தவை இவ்வினாவுக்கு விடை தருகின்றன.

1967 சூன் 5ஆம் நாள், கீழ்த்திசைச் சரக்குகளுடன் வடக்கு நோக்கிச் சென்ற கப்பல்கள் கால்வாயின் நடுவே இருந்தபோது அரபு-இசுரேல் போர் மூண்டது. ஆறு நாளில் போர் ஓய்ந்தது, வழி திறக்கவில்லை. மேற்கரையில் எகிப்தியப் படையும் கீழ்க்கரையில் இசுரேல் படையும் நின்றன. கால்வாயின் இரு முனைகளையும் எகிப்து அடைத்துவிட்டது. பெருங்கசப்பேரி என்னும் நீர்ப்பரப்பில் 14 கப்பல்கள் சிக்கின. பிரிட்டனுடையவை நான்கு; மேற்கு செருமனி, சுவீடன், போலந்து ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு; அமெரிக்கா, பிரான்சு, பல்கேரியா, செக்கோசுலோவாக்கியா ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. பாலைமணல் படிந்து நிறம் மாறியமையால் 'மஞ்சள் கப்பற்படை' என்று உலகம் அவற்றை அழைத்தது.

அவ்வாண்டு அக்டோபரில் 'மெலாம்பசு' என்னும் பிரிட்டிசுக் கப்பலில் மாலுமிகள் கூடிப் 'பெருங்கசப்பேரிச் சங்கம்' ஒன்றை நிறுவினர். ஊர்விட்டு வந்த நால்வர் கூடியதும் சங்கம் அமைப்பது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று போலும்! அந்நாளில் அவர்தம் அரசுகள் இரு அணிகளாய்ப் பிரிந்து பகைத்து நின்றன. ஏரியிலோ, பல்கேரியக் கப்பலில் திரைப்படம். செருமானியரின் 'நோர்ட்விண்ட்' கப்பலில் வழிபாடு. பிரிட்டிசுக் கப்பலொன்றின் மேல்தளத்தில் கால்பந்து. சுவீடன் கப்பலில் நீச்சல். மெக்சிகோவில் ஒலிம்பிக் நடந்த 1968ஆம் ஆண்டில் இவர்களும் தமக்கென ஓர் ஒலிம்பிக் நடத்தினர். போலந்து முதலிடம் பெற்றது.

இவையனைத்தினும் என் நெஞ்சைத் தொடுவது அவர்கள் உருவாக்கிய அஞ்சல் தலைகளே. தம் கையாலேயே படம் தீட்டி அச்சிட்டுக் கடிதங்களில் ஒட்டினர். அவற்றைத் தேடிச் சேர்ப்போர் பல நாடுகளில் தோன்றினர். வீட்டுக் கடிதத்துக்காக ஏங்கியிருப்பவன், காத்திருக்கும் பொழுதில் அஞ்சல் தலை வரைகிறான்!

எனினும் இதனை இன்பச் சுற்றுலாவாகக் கொள்ளலாகாது. உரிமையாளர்கள் மாலுமிகளை முறைவைத்து மாற்றினர். திரும்பும் நாள் தெரிந்தமையே அவர்களுக்கு உற்ற துணையாயிற்று என்பது என் கருத்து. மற்றொரு துணை வேலை. ஓடாவிடினும் எந்திரத்தைப் பேண வேண்டும். துருவைச் சுரண்டி வண்ணம் பூச வேண்டும். வேலை மிகுந்த நாளைவிட வேலையற்ற நாளே நீளமானது என்பதை எழுத்தர் மேசையில் அமர்ந்தோரும் அறிவர். 1969இல் கப்பல்களைத் தொகுதி தொகுதியாகப் பிணைத்து ஆட்களைக் குறைத்தனர். 1972இல் எஞ்சிய செருமானிய மாலுமிகளும் வீடு திரும்ப, பராமரிப்பு ஒரு நார்வே நிறுவனத்திடம் சென்றது.

1973 போரில் அமெரிக்கக் கப்பலான 'ஆப்பிரிக்கன் கிளென்' தாக்குண்டு மூழ்கியது. 1975இல் வழி திறந்தபோது, செருமானியக் கப்பல்கள் இரண்டு மட்டுமே தம் எந்திர வலிமையால் தாயகம் சேர்ந்தன. மே 24ஆம் நாள் ஆம்பர்க் துறையில் அவற்றை வரவேற்க 30,000 பேருக்கு மேல் திரண்டனர். 1967இல் அவற்றில் பணியாற்றியோர் எப்போதோ வீடு திரும்பியிருந்தனர்.