பழைய எஃகுச் சட்டத்தில் புதிய கியர்

பந்தய சைக்கிளின் பின்சக்கரத்தைத் தாங்கும் இரு கவ்விகளுக்கு இடையிலான அகலம், பற்சக்கரங்களின் எண்ணிக்கையோடு வளர்ந்தது. ஐந்து பற்சக்கரக் காலத்தில் பொதுவாக 120 மில்லிமீட்டர். ஆறு, ஏழு வந்தபோது 126. எட்டு வந்தபின் 130. ஆகவே 1970களின் இத்தாலிய, ஆங்கிலேயச் சட்டங்களில் பிற்காலச் சக்கரம் நேராக உட்காராது. எஃகின் அருமை இங்கேதான் தெரிகிறது. அதைச் சூடாக்காமலே பக்கத்துக்குச் சில மில்லிமீட்டர் வளைத்து விரித்து, கவ்விகளை மறுபடி இணையாக நிமிர்த்திவிடலாம். கார்பன் இழைச் சட்டத்தில் இதை நினைத்தும் பார்க்க முடியாது. அலுமினியத்திலோ விரிசலுக்கு அஞ்ச வேண்டும்.

கியர் மாற்றும் முறையும் மாறியது. சைக்கிள் பாக நிறுவனமான ஷிமானோ 1984இல் தன் டூரா-ஏஸ் பாகத் தொகுதியில் படிப்படியாக நிற்கும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. 1990இல் கியர் நெம்பு பிரேக் பிடியோடு ஒன்றானது. பழைய சட்டத்தின் சாய்குழாயில் நெம்புகள் இருந்த இடத்தில் கம்பித் தாங்கிகளைப் பொருத்தினால் புதிய பிடிகள் வேலை செய்யும். பெடல் அச்சுக் கூட்டில் கவனம் தேவை: ஆங்கிலேய மரையும் இத்தாலிய மரையும் விட்டத்திலேயே வேறுபடும்.

எதிர்ப்போக்கும் எழுந்தது. 1997இல் இத்தாலியின் கயோலே ஊரில் தொடங்கிய எரோயிக்கா சைக்கிள் பயணம், 1987க்கு முந்தைய சைக்கிள்களையும் சாய்குழாய் நெம்புகளையும் விதியாக்கிப் பழைய பாகங்களுக்கு மதிப்பை மீட்டுத் தந்தது.