தேசியப் பசுமைப் படை

இந்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2001-02இல் தொடங்கிய பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத் திட்டம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க உத்தரவிட்டது; இத்திட்டம் அதை வகுப்பறைக்கு வெளியே கொண்டுவந்தது. பாடத்தைத் தேர்வில் பிழையின்றி எழுதும் மாணவரே இடைவேளையில் சிப்ஸ் உறையை ஜன்னல் வழியே வீசுவதும் உண்டு என்பதால் இது தேவைதான். ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் 30 முதல் 50 மாணவர்கள் ஒரு மன்றமாக இயங்குவர்.

இம்மன்றத்துக்குப் பள்ளியின் குப்பைக்குழியே நல்ல பாடம். சத்துணவு மிச்சமும் வேப்பஞ்சருகும் சில மாதங்களில் எருவாகும். உடன் விழுந்த சிப்ஸ் உறை பளபளப்பு மாறாமல் கிடக்கும். பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிய அது மறுசுழற்சிக்கு எளிதில் ஆகாது. ஈரக் குப்பையோடு கலந்து கொட்டினால் அடியில் கசியும் கருநீர் கிணற்றைக் கெடுக்கும். திறந்தவெளியில் எரித்தால் நச்சுப்புகை கிளம்பும்.