4.99 டொலர்: ஒரு விலையின் வரலாறு

2023 மே 23 அன்று அப்பிள் நிறுவனம் ஃபைனல் கட் புரோ மென்பொருளை ஐபேடுக்குக் கொண்டுவந்தது. வீடியோ எடிட் செய்யிற ஆக்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த விசயம். விலை மாதம் 4.99 டொலர், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 49 டொலர். அமெரிக்காவில் இருந்து பார்த்தால் இது பெரிய காசில்லை.

4.99 என்ற எண் ஐபேடுக்குப் புதிதும் இல்லை. 2011 மார்ச்சில் ஐபேட் 2 வந்தபோது கூடவே வந்த ஐமூவியின் விலை 4.99 டொலர். அடுத்த வருடம் பெப்ரவரியில், ஹொலிவூட் எடிட்டிங் அறைகளை ஆண்ட ஆவிட் நிறுவனம் 'ஆவிட் ஸ்டூடியோ' என்ற செயலியை ஐபேடுக்கு வெளியிட்டது. அதன் அறிமுக விலையும் 4.99தான். அந்த இரண்டையும் ஒருதரம் காசு கொடுத்து இறக்கினால் காரியம் முடிந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து எண் அப்பிடியே இருந்தது, முன்னால் 'மாதம்' எண்ட ஒரு சொல் மட்டும் சேர்ந்திருந்தது.

இதை எங்கட காசில் கணக்குப் பாருங்கோ. 2011 மார்ச்சில் ஒரு டொலர் ஏறக்குறைய 110 ரூபா. ஐமூவிக்கு 550 ரூபா, ஒரே தரம். 2023 மே மாதத்தில் ஒரு டொலர் 300 ரூபா அளவில் நின்றது. ஃபைனல் கட்டுக்கு 1,500 ரூபா, ஒவ்வொரு மாதமும். 550 ரூபா இப்பிடி 1,500 ஆனதில் பாதிக் கதை கலிபோர்னியாவில் நடந்தது, மிச்சப் பாதி கொழும்பில் நடந்தது.

எடிட்டிங் கருவி என்பது ஆரம்பத்தில் ஒரு தனி மனிதன் வாங்கக்கூடிய பொருளே இல்லை. கணினியில் இயங்கிய முதல் எடிட்டிங் முறை 1971இல் வந்த சி.எம்.எக்ஸ். 600. அதன் விலை இரண்டரை லட்சம் டொலர். 1989இல் ஆவிட் வந்த பிறகும் அது ஸ்டூடியோக்களின் சாமானாகத்தான் இருந்தது. இந்தியாவில் ஆவிட்டைப் பயன்படுத்திய முதல் படமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1994இல் வந்த கமல்ஹாசனின் 'மகாநதி'. அதுவரை தமிழ்ப் படங்கள் ஃபிலிமைக் கையால் வெட்டி ஒட்டித்தான் தொகுக்கப்பட்டன.

இலங்கையில் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான். முதலில் ஐ.ரி.என்., பிறகு 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. அதற்குப் பின்னால் வி.எச்.எஸ். டெக்குகள் வந்தன, கலியாண வீடியோவும் வந்தது. இரண்டு டெக்கைக் கேபிளால் இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றதில் பதிவதுதான் எடிட்டிங். இடையில் ஒரு மிக்சர் இருந்தால் மாப்பிள்ளையின் முகம் இதய வடிவத்துக்குள் வரும். அதைப் பார்த்து இண்டைக்குச் சிரிக்கிறம். ஆனால் அந்தக் கசெட்டுகளைச் சும்மா பொழுதுபோக்கு எண்டு நினைக்கக்கூடாது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நடந்த கலியாணத்துக்கு வரமுடியாமல் ரொறன்ரோவில் இருந்த தமையனுக்கு, அந்தக் கசெட்தான் கலியாணம். அதுவும் நேரே போட்டால் ஓடாது. இங்கே பால் முறை, கனடாவில் என்.ரி.எஸ்.சி. முறை. மாற்றித்தான் அனுப்பவேணும், அதுக்குத் தனிக்காசு.

மென்பொருளை ஒரு பெட்டியில் போட்டு விற்கிற காலம் அதற்குப் பிறகு வந்தது. அடோபியின் பிரீமியர் 1991இல். அதன் முதல் பதிப்புகளை எழுதிய ராண்டி உபிலோஸ் பிறகு மக்ரோமீடியாவுக்குப் போய் இன்னொரு எடிட்டரைத் தொடங்கினார். அதை 1998இல் அப்பிள் வாங்கி, 1999இல் ஃபைனல் கட் புரோ எண்டு 999 டொலருக்கு விற்றது. லட்சங்களில் இருந்த விலை ஆயிரத்துக்கு இறங்கியது உலகத்துக்குப் பெரிய மாற்றம்தான். அனால் இங்கே ஆயிரம் டொலரைக் கொடுத்து ஆர் வாங்கினது? 2012இல் வந்த அடோபியின் சி.எஸ்.6 வீடியோத் தொகுப்பின் விலை 1,899 டொலர், அந்த நேரத்து மதிப்பில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் ரூபா. கலியாண வீடியோ செய்கிற ஒரு சின்ன ஸ்டூடியோவுக்கு அது கமராவை விடக் கூடின விலை.

ஆகவே எல்லாருக்கும் தெரிந்த வழிதான். சி.டி.யில் மென்பொருள், அதே சி.டி.யில் ஒரு நோட்பாட் கோப்பு, அதற்குள் சீரியல் நம்பர். பிறகு டொரண்ட், கிராக், "இன்டர்நெட்டைக் கழட்டிப்போட்டு இன்ஸ்டோல் பண்ணு" எண்ட அறிவுரை. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. வெளியிட்ட கணக்கின்படி, 2011இல் இலங்கையில் கணினிகளில் இருந்த மென்பொருளில் 84 சதவீதம் உரிமம் இல்லாதது. 2017இல் அது 77 சதவீதம். விற்கிறவர்களின் கூட்டமைப்பு போட்ட கணக்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டே வாசிக்கவேணும். ஆனாலும் கணினி வைத்திருந்த எந்த வீட்டிலும் இந்த எண்ணைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, சி.டி. மேசையில் இருந்தது.

இதை நியாயப்படுத்த வரவில்லை. அது களவுதான், எழுதினவனுக்குப் போகவேண்டிய காசு போகவில்லை. அதே நேரம், எங்களுக்கு முந்தின ஒரு முழுத் தலைமுறை எடிட்டர்கள் படித்த பள்ளிக்கூடமும் அந்த சி.டி.தான். வகுப்புக்குப் போகாமல், ஒவ்வொரு பட்டனாக அமத்திப் பார்த்துப் படித்தார்கள். அடோபிக்கும் இதில் முழு நட்டமில்லை. களவாகப் பிரீமியர் படித்த பொடியன் பிறகு ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலைக்குச் சேரும்போது அந்த நிறுவனம் காசு கட்டி வாங்கியதும் பிரீமியர்தான்.

அந்தக் கதவை மூடியதில் இரண்டு விசயத்துக்குப் பங்குண்டு. முதலாவது சந்தா. 2013 மே மாதம் அடோபி, இனிப் பெட்டியில் புதிய பதிப்பு வராது, கிரியேட்டிவ் கிளவுட் மட்டும்தான் என்று அறிவித்தது. ஒரு செயலிக்கு மாதம் 19.99 டொலர், எல்லாம் சேர்த்து 49.99 டொலர். பல்லாயிரம் பேர் இணையத்தில் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள், அடோபி அசையவில்லை. இரண்டாவது காரணம் டாப்லட். கணினியில் எங்கிருந்தும் எதையும் கொண்டுவந்து ஏற்றலாம். ஐபேடில் அப்பிளின் ஆப் ஸ்டோர் என்ற ஒரே வாசல்தான் இருந்தது. ஜெயில்பிரேக் செய்கிற சிலரை விட்டால், கிராக் சி.டி. அங்கே செத்துப்போச்சு. (அண்ட்ரொய்டில் சாகவில்லை. கைன்மாஸ்டரின் 'மொட்' ஏ.பி.கே. வட்சப் குழுக்களில் சுத்தினது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.)

ஆனால் அந்த ஒரே வாசலுக்குள்ளும் ஏன் 'ஒருதரம் 4.99' நிலைக்கவில்லை? இதற்கு நிறுவனங்களின் பேராசை எண்டு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம், அது பாதிப் பதில்தான். பெட்டிக் காலத்தில் பழைய வாடிக்கையாளர் புதிய பதிப்புக்கு ஒரு குறைந்த மேம்படுத்தல் விலை கொடுப்பார். ஆப் ஸ்டோரில் அந்த வசதியே வைக்கப்படவில்லை. ஒருதரம் ஐந்து டொலர் கொடுத்தவர் காலம் முழுக்க இலவசமாகப் புதிய பதிப்பை எதிர்பார்ப்பார். புதிய வாடிக்கையாளர் வருவது நிண்டால் எழுதுகிறவருக்கு வருமானமும் நிண்டுவிடும். 2016இல் அப்பிள் எல்லா வகைச் செயலிகளுக்கும் சந்தாவை அனுமதித்தது. ஒரு வருடத்துக்கு மேல் தொடர்கிற சந்தாவில் தன் பங்கை 30 சதவீதத்தில் இருந்து 15 ஆகக் குறைக்கவும் செய்தது. எழுதுகிறவர்களைச் சந்தாப் பக்கம் தள்ளினதே கடைக்காரர்தான்.

அதே 2016 டிசம்பரில், லூமா டச் என்ற சின்ன நிறுவனம் லூமாஃபியூஷனை ஐபேடுக்குக் கொண்டுவந்தது. பல வீடியோப் படைகள், பல ஒலிப் படைகள், ஒருதரம் மட்டும் விலை. ஃபைனல் கட் வரும்வரைக்கும் ஐபேடில் தீவிரமாக எடிட் செய்கிறவர்கள் எண்டால் அதைத்தான் சொல்வார்கள்.

இனிக் கொழும்புப் பாதி. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே. ஏப்ரல் 12 அன்று அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. மே மாதம் டொலர் 360. அந்த மாதங்களைப் பெற்றோல் வரிசையாகவும் எரிவாயு வரிசையாகவும்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறம். ஒரு எடிட்டரின் கடனட்டைக் கூற்றில் என்ன நடந்தது என்பதைப் பற்றி ஆரும் பெரிதாக எழுதவில்லை. அப்போது பிரீமியருக்கு மாதம் 20.99 டொலர். மார்ச்சில் 4,200 ரூபா, மே மாதத்தில் 7,500க்கு மேல். அடோபி விலையை ஒரு சதம்கூட ஏற்றவில்லை. வெளிநாட்டுக் கொடுப்பனவுகளுக்குப் பல வங்கிகள் அட்டைகளில் வரம்பும் வைத்தன. கையில் ரூபா இருந்தாலும் கட்டமுடியாத நிலை.

சந்தாவின் உண்மையான குணம் எனக்கு விளங்குவது இந்த இடத்தில்தான். 2011 ஜூனில் ஃபைனல் கட் புரோ எக்ஸ் மெக் கணினிக்கு 299.99 டொலருக்கு வந்தது. அண்டைக்கு அது 33,000 ரூபா. அண்டைக்கு அந்தக் காசைக் கட்டியிருந்த ஒருவர் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகும் புதிய பதிப்புகளை இலவசமாகவே பெற்றார். 2022இல் ரூபா விழுந்தது அந்த மென்பொருளைத் தொடவே இல்லை, ஏனென்றால் அவர் 2011இன் டொலரில் கணக்கை முடித்துவிட்டார். மாதச் சந்தா கட்டுகிறவர் ஒவ்வொரு மாதமும் அந்த மாதத்து டொலரில் புதிதாக வாங்குகிறார். வாடகைக்கு வீடு எடுத்து, வாடகையை வேறொரு நாட்டுக் காசில் எழுதிக்கொடுத்த மாதிரி.

சந்தாவின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. 299.99 டொலர் என்பது 2023இல் ஐபேட் சந்தாவில் ஏறக்குறைய ஐந்து வருடம். மொத்தமாக அவ்வளவு காசு கையில் இல்லாத ஒரு பிள்ளைக்கு, ஒரு குறும்பட வேலைக்காக ஒரு மாதம் 1,500 ரூபா கட்டி, வேலை முடிய நிப்பாட்டுவது அப்போது லாபமாக இருந்தது. நிப்பாட்ட விடுகிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளவேணும். மாதக் கட்டணம் போலத் தெரிகிற அடோபியின் திட்டம் உண்மையில் ஒரு வருட ஒப்பந்தம். இடையில் விலகினால் கட்டணம் இருப்பதை மறைத்தார்கள் என்று அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்கே போட்டது. ஐபேட் ஃபைனல் கட்டை நிப்பாட்டுவது சுகம், ஆனால் அதை ஓட்டவே எம்1 சிப் உள்ள ஐபேட் வேணும் எண்டுதான் வந்தது. 1,500 ரூபாவைப் பற்றிக் கதைக்க முதல் அந்த ஐபேடின் விலையைக் கதைக்கவேணும்.

நிப்பாட்டினால் நீங்கள் செய்த வேலைக்கு என்ன நடக்கும்? தென்கொரியாவின் 'பாரசைட்' படத்தை யாங் ஜின்-மோ தொகுத்தது ஃபைனல் கட் புரோ 7இல். அது 2009இல் வந்து, 2011இல் அப்பிள் கைவிட்ட பதிப்பு. புதிய மெக் இயங்குதளங்களில் அது திறக்காது, பழைய கணினியில்தான் ஓடும். அந்தப் பழைய கணினியில் தொகுத்த படம் 2020இல் சிறந்த படத்துக்கான ஒஸ்காரை வாங்கினது. வாங்கின மென்பொருளும் ஒருநாள் சாகும், ஆனால் உங்கள் கணினியில், நீங்கள் விரும்புகிற வரை இழுத்துக்கொண்டு கிடந்து சாகும். சந்தா மென்பொருள் கடைசியாகக் கட்டின மாதத்தோடு பூட்டிக்கொள்ளும். ஐபேட் ஃபைனல் கட்டில் புரொஜெக்ட் உங்கள் ஐபேடிலேயே இருக்கும், திறக்கத்தான் முடியாது.

இண்டைக்கு வேறு வழிகள் இல்லாமல் இல்லை. பிளக்மஜிக் நிறுவனம் டாவின்சி ரிசோல்வை 2022 டிசம்பரில் ஐபேடுக்குக் கொடுத்தது. அடிப்படைப் பதிப்பு இலவசம், ஸ்டூடியோப் பதிப்புக்கு ஒருதரம் 94.99 டொலர். அவர்கள் கமராவும் கலர் மேசையும் விற்றுப் பிழைக்கிறவர்கள், மென்பொருளைக் குறைத்துக் கொடுக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகும். லூமாஃபியூஷன் பிறகு 29.99 டொலராக ஏறினாலும் ஒருதர விலையிலேயே நிண்டது. கப்கட்டில் தொடங்கின பலருக்கு அது இலவசம் என்ற நினைப்பு. நேற்று இலவசமாக இருந்த வசதிக்கு இண்டைக்கு 'புரோ' முத்திரை விழுகிறதை அவர்களும் கவனித்திருப்பார்கள்.

கொழும்பில் ஒரு கலியாண வீடியோவுக்கு விலை ரூபாவில்தான் பேசப்படுகிறது, அதுவும் மாதக்கணக்கில் முன்னுக்கு, முற்பணத்தோடு. மண்டபக்காரரும் மாலைக்காரரும் அப்பிடித்தான். எடிட்டருக்கு மட்டும் செலவில் ஒரு பங்கு டொலரில் இருக்கிறது, அதுவும் வேலை செய்யிற மாதத்து விலையில். சரி, வீடியோவைக் கொடுத்து, சந்தாவையும் நிப்பாட்டியாச்சு எண்டு வைப்பம். மூன்று வருடம் கழித்து ரொறன்ரோவில் இருந்து ஒரு அழைப்பு வரும்: "அண்ணா, அப்பா போனமாதம் தவறிட்டார். எங்கட கலியாண வீடியோவில அவர் வாற இடங்களை மட்டும் தனியா எடுத்துத் தருவீங்களோ?" அந்தப் புரொஜெக்டைத் திறக்க ஒரு மாதச் சந்தா கட்டவேணும். அண்டைக்கு டொலர் என்ன விலை எண்டு பார்த்துத்தான் கட்டவேணும்.