மின்மினிச் சட்டை

போன வாரம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். ரோடு காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். கையில் ஒரு ரிஃப்ளெக்டர் கோட்டு. சாலை வேலை செய்கிறவர்களும் டிராஃபிக் போலீஸ்காரர்களும் சட்டைக்கு மேலே போட்டிருப்பார்களே, குறுக்கே வெள்ளிப் பட்டை ஓடும் பளிச்சென்ற கோட்டு, அதுதான்.

"மாமா, சைட்டுக்கு அறுவது கோட்டு வாங்கணும். சாம்பிள் வந்திருக்கு. முதுகுல நம்ம கம்பெனி பேரைப் பெருசா அடிச்சுத் தாரேங்கான். எப்படி இருக்குன்னு பாருங்க."

திருப்பிப் பார்த்தேன். முதுகு முழுக்க நீல மையில் கம்பெனி பேர், மேலே கோபுரப் படம், கீழே இரண்டு செல்போன் நம்பர். எழுத்துக்கு இடம் வேண்டும் என்று முதுகுப் பக்கம் வெள்ளிப் பட்டையையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

"எழுத்து நல்லாத்தான் இருக்குடே. ஆளு எங்க தெரிவான்?" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. உட்கார வைத்துக் கதை சொன்னேன். அன்று அவனிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்ட ஒன்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நம்மூர் ரயில் பாதையிலிருந்தே தொடங்கலாம். விருதுநகர் - தென்காசி மீட்டர் கேஜ் பாதை 1927இல் வந்தது. அந்தப் பாதையில் கரி எஞ்சின் ஓடிய காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கேங்மேன்கள் அழுக்கேறிய சட்டையும் தலையில் துண்டுமாகத் தண்டவாளத்தில் வேலை செய்வார்கள். கையில் சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, இருட்டினால் கைவிளக்கு. அவசரத்துக்குத் தண்டவாளத்தில் வைக்க டெட்டனேட்டர் என்ற வெடி. இவை எல்லாமே ரயிலுக்குச் சைகை காட்டத்தான். ஆள் தன்னைக் காட்டிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அன்றைக்கு அவரைப் பெரும்பாலும் காப்பாற்றியது காதுதான். கரி எஞ்சின் வருவது வெகு தூரத்திலேயே கேட்டுவிடும். தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள்.

மின்சார ரயில் வந்த இடங்களில் இந்தக் காது உத்தி பலிக்கவில்லை. சத்தம் குறைவு, வேகம் அதிகம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரப் பக்கம் மின்மயமான பாதையில் இந்தச் சிக்கல் எழுந்தது. 1964இல் பிரிட்டிஷ் ரயில்வே அங்கே ஒரு சோதனை செய்தது. போலக்ஷீல்ட்ஸ் முதல் மேக்ஸ்வெல் பார்க் வரையுள்ள பகுதியில் தண்டவாள வேலை பார்த்தவர்களுக்கு ஒளிரும் ஆரஞ்சு நிறச் சட்டை கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பேர் 'மின்மினிச் சட்டை'. நம் ஊர்க்காரர் யாரோ வைத்த பேர் போலவே இல்லையா?

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறொன்று. சட்டை நன்றாக இருக்கிறதா என்று யாரைக் கேட்டார்கள் தெரியுமா? அந்த வழியே ரயில் ஓட்டிய டிரைவர்களை. வாங்கிக் கொடுத்த அதிகாரிக்கு அது தெரியாது. போட்டிருக்கிறவனுக்கும் தெரியாது, தன் முதுகு தனக்குத் தெரியுமா? எதிரே வருகிறவன் கண்ணுக்குத் தெரிந்ததா என்பதுதான் கேள்வி. அறுபது வருஷம் ஆகியும் இந்தச் சின்ன விஷயம் நமக்கு மறந்து மறந்து போகிறது.

அந்த ஒளிரும் நிறம் பிறந்தது அமெரிக்காவில், அதுவும் ஒரு விபத்தில். பாப் ஸ்விட்சர் என்ற கல்லூரி மாணவர் 1933இல் கலிபோர்னியாவில் சரக்கு இறக்கும் வேலை செய்தபோது கீழே விழுந்து தலையில் பலத்த அடி. கண் பார்வையும் பாதிக்கப்பட்டது. பல மாதம் இருட்டறையில் இருக்க நேர்ந்தது. டாக்டராக வேண்டும் என்ற கனவு அதோடு போயிற்று. அவருடைய தம்பி ஜோ மேஜிக் வித்தைப் பிரியர். இருவரும் அப்பாவின் மருந்துக் கடைக்குள் ஊதாக்கதிர் விளக்கைக் கொண்டுபோய், இருட்டில் எந்த மருந்து மின்னுகிறது என்று தேடினார்கள். அப்படிக் கிடைத்த பொருள்களை வார்னிஷில் கலந்து ஒளிரும் வண்ணம் செய்தார்கள். பின்னாளில் கிளீவ்லாந்து நகரில் அது 'டே-குளோ' என்ற பேரில் பெரிய கம்பெனி ஆனது. முதன்முதலில் துணியில் சாயம் ஏற்றிப் பார்க்க பாப் எடுத்தது மனைவியின் கல்யாண உடுப்பு என்று சொல்வார்கள். அந்த அம்மா என்ன சொன்னார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை! இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் தங்கள் படை எது என்று விமானிகளுக்குக் காட்ட இந்தத் துணியைத் தரையில் விரித்தார்கள்.

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் உண்டு. இந்தச் சாயம் அதை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் நிறமாக மாற்றி வெளியே விடுகிறது. அதனால்தான் மேகமூட்டத்திலும் அந்தி வேளையிலும் மற்ற நிறமெல்லாம் மங்கிப் போக, இது மட்டும் எரிவது போலத் தெரியும். சில மேடைகளில் ஊதா விளக்கு போட்டதும் வெள்ளை வேட்டி நீலமாக மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே சங்கதிதான், சோப்புத் தூளில் சேர்க்கும் பொருளின் வேலை. ஆனால் சூரியன் போய்விட்டால் சாயத்தின் வேலையும் போயிற்று. பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் கீழே இந்தக் கோட்டு வெறும் சாதாரணத் துணிதான்.

இரவில் கைகொடுப்பது அந்த வெள்ளிப் பட்டை. புளியங்குடி ரோட்டில் ராத்திரி பைக்கில் வரும்போது மாட்டின் கண் இரண்டு தீப்பொறி போல மின்னுமே, அதே வித்தை. விளக்கிலிருந்து போன வெளிச்சம் வந்த வழியே திரும்புகிறது. இங்கிலாந்தில் பெர்சி ஷா என்பவர் 1934இல் ரோட்டில் பதிக்கும் 'பூனைக்கண்' கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். அதே பத்தாண்டின் முடிவில் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் பொடிப் பொடியான கண்ணாடி மணிகளைத் தாளில் ஒட்டி, சாலைப் பலகைகளுக்குக் கொடுத்தது. அந்தக் கண்ணாடி மணிதான் பிறகு துணிக்கும் வந்தது. ஆக, பகலுக்குச் சாயம், இரவுக்குக் கண்ணாடி மணி. இரண்டும் சேர்ந்தால்தான் அது ரிஃப்ளெக்டர் கோட்டு. ஒன்று குறைந்தாலும் வெறும் யூனிஃபாரம்.

மருமகனிடம் சொல்லாமல் விட்டது இதுதான். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பல வருஷம் ஸ்டோர் என் பொறுப்பு. ஒரு முறை சாலை வேலை ஆட்களுக்குக் கோட்டு வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் போட்டோம். விதியைக் குறை சொல்ல மாட்டேன். கேட்ட பொருளில் எது மலிவோ அதை வாங்கு என்கிறது விதி. என்ன பொருள் கேட்கிறோம் என்று எழுத வேண்டியவன் நான். நான் எழுதியது ஒரே வரி: "ரிஃப்ளெக்டர் கோட்டு, மஞ்சள், நடு சைஸ்."

ஒரு மார்கழி மாதம், மாலை ஆறரை மணி. குழி அடைக்கும் வேலை முடிந்து ஒருவர் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பைக் ஒன்று வந்து மோதிவிட்டது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. கோட்டு போட்டுத்தான் இருந்தார். "தெரியவே இல்லை சார்" என்று பைக்காரன் அழுதான். எல்லோரும் அவனைத்தான் திட்டினார்கள். கோட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஸ்டோரைப் பூட்டும் முன் ஒரு புதுக் கோட்டை எடுத்து ஆணியில் மாட்டி, விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பட்டை மின்னவில்லை. அது சாம்பல் நிற ரெக்ஸின் மாதிரி ஏதோ ஒன்று. கண்ணாடி மணியே அதில் இல்லை. பில்லில் என் கையெழுத்து இருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் பழைய வேலைக்குத் திரும்ப முடியவில்லை. நல்ல கோட்டாக இருந்திருந்தால் அந்த அடி பட்டிருக்காது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. பட்டிருக்கும் என்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆர்டருக்கு அரைப் பக்கம் விவரம் எழுதினேன். அதை முதலிலேயே எழுதியிருக்கலாம்.

எழுதுவதற்கு வழிகாட்டி இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் 1994இலேயே ஈ.என். 471 என்று ஒரு தர அளவு வந்துவிட்டது. 2013இல் அது ஐ.எஸ்.ஓ. 20471 ஆனது. நம் நாட்டிலும் ஐ.எஸ். 15809 இருக்கிறது. சாலை வேலை நடக்கும் இடங்களுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் எஸ்.பி. 55 என்ற வழிகாட்டு நூலே போட்டிருக்கிறது. ஐ.எஸ்.ஓ. அளவு உடுப்பை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. நடு வகுப்புக்கு ஒளிரும் துணி அரை சதுர மீட்டர், வெள்ளிப் பட்டை 0.13 சதுர மீட்டர் குறையாமல் வேண்டும். பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

நம்மூர் விசைத்தறி ஊர். துணியை அளந்து பார்க்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 5 சென்டிமீட்டர் பட்டையில் 0.13 சதுர மீட்டர் என்றால் நீளம் 2.6 மீட்டர் வர வேண்டும். மருமகன் கொண்டுவந்த சாம்பிளை என் வீட்டம்மாவின் தையல் டேப்பால் அளந்தோம். ஒன்றரை மீட்டர் தேறியது. முதுகில் எடுத்துவிட்ட பட்டைதான் அந்தக் குறை. ஒளிரும் துணியிலும் நீல மை மூடிய இடத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது. மை போட்ட இடம் ஒளிராது.

"அப்ப பேரே போடக்கூடாதா மாமா?"

"போடு. நெஞ்சில சின்னதா போடு. முதுகுல போட்டே ஆகணும்னா ரெண்டு பட்டைக்கு நடுவுல ஒரு வரி. பட்டைய மட்டும் தொடாத."

வெளிநாட்டுச் செய்தி ஒன்றும் சொன்னேன். பிரான்சில் 2008 முதல் ஒவ்வொரு காரிலும் மஞ்சள் கோட்டு ஒன்று இருந்தாக வேண்டும் என்று சட்டம். 2018 நவம்பரில் எரிபொருள் வரியை எதிர்த்து ஜனங்கள் தெருவுக்கு வந்தபோது, எல்லார் காரிலும் இருந்த அந்தக் கோட்டையே மாட்டிக்கொண்டு வந்தார்கள். போராட்டத்துக்கே 'மஞ்சள் கோட்டு' என்று பேர் ஆகிவிட்டது. "நாங்களும் இருக்கோம், கண்ணு தெரியலையா" என்று கேட்க அதைவிடப் பொருத்தமான உடுப்பு ஏது?

ராத்திரி எட்டு மணிக்கு, தெருவிளக்கு இல்லாத இடமாகப் பார்த்து ஊருக்கு வெளியே போனோம். மருமகனைக் கோட்டோடு ஐம்பது அடி எடுத்து வைக்கச் சொல்லி, திரும்பி நிற்கச் சொன்னேன். டார்ச்சைக் காதோரம், கண்ணை ஒட்டிப் பிடிக்க வேண்டும். வெளிச்சம் வந்த வழியே திரும்புவதால் இடுப்பில் பிடித்தால் சரியாகத் தெரியாது. முன்பக்கம் நன்றாகவே மின்னியது. முதுகைக் காட்டினான், இருட்டுதான். கம்பெனி பேரும் தெரியவில்லை. பிறகு டார்ச்சை அவனிடம் கொடுத்துவிட்டு நான் கோட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். திரும்பி வந்தபோது அவன் ஒன்றும் பேசவில்லை. கோட்டை வாங்கி மடித்துப் பைக் பெட்டிக்குள் வைத்தான்.

மறுநாள் காலையில் போன் செய்தான். சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிட்டானாம். இன்னும் சில விஷயம் சொன்னேன். கனத்த துணி வேண்டாம், நம் வெயிலுக்கு வலைத்துணிதான் லாயக்கு. புழுங்கினால் கழற்றி மரத்தில் மாட்டிவிடுவார்கள், அப்புறம் மரம்தான் பாதுகாப்பாக இருக்கும். ஜிப் வேண்டாம், மெஷினில் சிக்கினால் பிய்த்துக்கொண்டு வரும்படி ஒட்டுப் பட்டை போதும். தோளில் துண்டு போடுகிறவர்களிடம் அது பட்டையை மறைக்கிறது என்று சொல்லு. முக்கியமாக, சித்தாள் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருப்பார்கள். அதற்கும் மேலே இதைப் போட வேண்டும். ஒரே சைஸில் அறுபது வாங்காதே, ஆளை அளந்து வாங்கு. எத்தனை சலவை தாங்கும் என்று லேபிளில் போட்டிருக்கும், அதையும் பார். வெயிலில் சாயம் வெளுத்தால் மாற்று, கிழியும்வரை காத்திருக்காதே.

"ஒண்ணுக்கு முப்பது, நாப்பது ரூவா கூட ஆகும் மாமா" என்றான்.

"ஆகட்டும்டே" என்றேன். ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று அன்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவனும் படிக்கிறவன்தான். இப்போது தெரிந்திருக்கும்.