பார்ட் நம்பரும் பச்சைக் குழந்தையும்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு பார்ட் நம்பரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற இரண்டு உதிரி பாகங்களில் நம்பர் மாறிப்போனால் லைனே நின்றுவிடும். கிருமிகளுக்கும் இப்படி நம்பர் உண்டு. அதைத் தேடி நம் நெடுஞ்சாலையிலேயே மேற்கே இருக்கும் வேலூரில் நடந்த வேலையின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சங்கிலி போலக் கோத்து நிற்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளில் ஒன்று நிமோகாக்கஸ். 1881-இல் பாஸ்டரும் அமெரிக்காவின் ஸ்டெர்ன்பெர்கும் தனித்தனியாக இதைக் கண்டார்கள். மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாகக் கிடக்கும். நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் இறங்கிவிட்டால் மூளை உறை வரைக்கும் போய்விடும். சின்னக் குழந்தை தாங்குமா?

இதன் மேல் சர்க்கரைப் பொருளாலான ஓர் உறை இருக்கிறது. உறை மாறினால் வகை மாறும். இன்று 100-க்கும் மேற்பட்ட வகைகள் தெரியும். ஒரு வகைக்கு உடம்பில் உண்டான எதிர்ப்பு, பெரும்பாலும் வேறு வகையிடம் செல்லாது. ஆகவே தடுப்பூசி செய்வதற்கு முன்னால், நம் ஊரில் எந்த நம்பர் நடமாடுகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

1993 முதல் 1997 வரை வேலூர் சி.எம்.சி. உள்ளிட்ட 6 இந்திய மருத்துவமனைகள் அந்தக் கணக்கை எடுத்தன. நோயாளிகளின் ரத்தத்தையும் தண்டுவட நீரையும் வளர்த்துப் பார்த்து, கிடைத்த கிருமிகளை வகை பிரித்தார்கள். 1999-இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. 1, 5 என்ற இரண்டு வகைகள் மட்டுமே 29 சதவீத நோய்க்குக் காரணம்!

இதிலென்ன விசேஷம் என்கிறீர்களா? அடுத்த வருஷமே, 2000-இல், அமெரிக்காவில் குழந்தைகளுக்கான தடுப்பூசி வந்தது. அதில் 7 வகைகள் இருந்தன. 1-ம் இல்லை, 5-ம் இல்லை! அங்கே வாட்டிய வகைகளுக்காகச் செய்த ஊசி அது. அப்படியே வாங்கிப் போட்டிருந்தால் நம் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு அரைகுறைதான். பிறகு புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்து, 2020 டிசம்பரில் வெளியான 10 வகை ஊசியில் 1, 5 இரண்டும் உண்டு.

நம் தமிழக அரசுத் திட்டத்தில் நிமோகாக்கஸ் ஊசி 2021-இல் சேர்ந்தது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை, காசு கிடையாது. தனியாரிடம் ஒவ்வொரு தவணைக்கும் ஆயிரக்கணக்கில் ஆகும்.

மாணவத் தம்பி, தங்கைகளே! நம் தொழிற்பேட்டையைச் சுற்றிய வாடகை அறைகளில் வெளியூர், வெளி மாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் எத்தனையோ. ஊர் மாறும்போது தவணை தவறிப்போவது சகஜம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் "அட்டையைக் காட்டுங்கக்கா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழி சொல்லுங்கள். நாலு வருஷம் உட்கார்ந்து வகை பிரித்தவர்களின் உழைப்பு, அந்தக் குழந்தையின் தொடையில் ஊசி ஏறும்போதுதான் முழுமை பெறும்.