பெயரில்லாதவரின் குருதி

எச்.ஐ.வி. உறுதிப்பட்ட மிகப் பழைய குருதி மாதிரி 1959இல் பெல்ஜியக் கொங்கோவின் லெயோபோல்ட்வில் நகரில், இன்றைய கின்ஷாசாவில், எடுக்கப்பட்டது. சேகரித்தவர் ஆர்னோ மொட்டுல்ஸ்கி, அகதியாக இருந்தவர். 1939இல் கியூபாவும் அமெரிக்காவும் திருப்பியனுப்பிய சென் லூயிஸ் கப்பலில் வந்த யூதச் சிறுவர்களில் ஒருவர். பிரெஞ்சுத் தடுப்புமுகாம்களைக் கடந்து 1941இல் அமெரிக்காவை அடைந்து, சியாட்டிலில் மரபியல் மருத்துவரானார்.

மலேரியாவைத் தாங்கும் பரம்பரை இயல்புகளை அறியவே அவர் கொங்கோ மக்களின் குருதியைச் சேகரித்தார். ஆய்வு முடிந்தபின்னும் மாதிரிகள் எறியப்படாமல் உறைநிலையில் கிடந்தன. எயிட்ஸ் 1981இல்தான் அறியப்பட்டது. 1986இல் வெளியான சோதனை முடிவில், அம்மாதிரிகளில் ஒன்றில் எச்.ஐ.வி.க்கான பிறபொருளெதிரி இருப்பது தெரிந்தது. 1998இல் அதிலிருந்த வைரசின் மரபுக்கூறுகள் வாசிக்கப்பட்டன. அதையும் 1960ஆம் ஆண்டு மாதிரியொன்றையும் ஒப்பிட்ட 2008ஆம் ஆண்டு ஆய்வு, வைரஸ் 1908 அளவிலேயே மனிதரிடையே பரவத் தொடங்கியிருக்கும் எனக் கணித்தது.

மாதிரியை இசட்.ஆர்.59 என அழைக்கிறார்கள். கொடுத்தவர் ஓர் ஆண் என்பதற்கு மேல் அதிகம் சொல்லப்படுவதில்லை. மலேரியா ஆய்வுக்கெனக் கை நீட்டியவரிடம் இந்த ஆய்வுக்கான சம்மதத்தை எவர் கேட்டிருக்க முடியும்? நோய்க்கே அன்று பெயரில்லை. இன்று நோய்க்குப் பெயருண்டு, மாதிரிக்கு எண்ணுண்டு. மனிதருக்குத்தான் ஒன்றுமில்லை. கோப்பு எண்ணாக வாழ்ந்து பார்த்த அகதிகளுக்கு அது என்னவென்று தெரியும்.